இப்படி ஓர் அறுகோணி இருக்க முடியாது

இல. 6, கோணல் லயம்,
மேற்பிரிவு, றக்வான.
11.08.1996

ரோஷானிக்கு,

சுகமா என்று கேட்டு ஒரு பக்கத்தை வீணாக்கப் போவதில்லை. உன் அப்பா ஞானப்பிரகாசம் மாமாவுக்கு இரத்தினபுரி டவுனில் இரும்புக் கடை வேலை, உனக்குச் சிங்களப் பள்ளிக்கூடம், வீட்டுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய். சுகமாகத்தான் இருப்பாய்.

எனக்கு ஓர் உதவி வேண்டும். டிசம்பரில் ஓ.எல். பரீட்சை. நீ போய் மூன்று வருஷமாகியும் கணக்குக்கு ஆள் வரவில்லை. ஆறாம் வகுப்பில் நாம் இருவரும் பார்த்துக்கொண்டிருந்த அதே வெறும் நாற்காலிதான். கணக்குப் பாடவேளையில் பெரிய சேர் எங்களைப் பூப்பாத்திக்குத் தண்ணீர் ஊற்ற விடுகிறார். பூச்செடிகள் நன்றாகத் தேறிவிட்டன.

தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர் எடுக்கப் போகிறார்களாம். தமிழும் கணக்கும் பாஸாக இருந்தால் கேட்கலாமாம். விடிய ஆள் எண்ணும் பிரட்டுக் களத்தில் அம்மா இதைக் கேள்விப்பட்டு வந்து சொல்லிவிட்டாள்: "பாஸ் பண்ணுனா டீச்சரு. இல்லேனா தோட்டத்துல பேரு பதியணும். மூணாவது வழி ஒண்ணு இருந்தா நீயே சொல்லுடி." பேர் பதிந்தால் கொழுந்துக் கூடைதான். ஒருமுறை கூடையை மாட்டியவள் அதைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போனதை நான் இதுவரை பார்க்கவில்லை.

கேத்திர கணிதத்தில் பல்கோணி என்று ஒரு பாடம். ஆறு பேருக்கு ஒரு புத்தகம். அதில் கோணங்களின் படம் போட்ட ஒற்றையை எவரோ கிழித்து வடை சுற்றிவிட்டார்கள். கூர்ங்கோணமும் செங்கோணமும் எனக்குத் தெரியும். பழைய வினாத்தாள்களில் விரிகோணம், பின்வளைகோணம் என்று இன்னும் இரண்டு வருகின்றன. எது எது? ஓர் அறுகோணிக்குள் எந்தெந்தக் கோணம் வரலாம், எத்தனை வரலாம்? உனக்குத் தெரிந்திருக்கும். விளக்கமாக எழுது.

வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் இருந்துதான் எழுதுகிறேன். நேர் வரிசையாகக் கட்டிய மற்ற லயங்களில் பக்கத்து வீட்டுக் காம்பரா வாசலில் யார் இருக்கிறார் என்று பார்க்க வேண்டுமானால் இறங்கிப் போய் எட்டிப் பார்க்க வேண்டும். நம்முடையது மலையின் வளைவுக்காக நடுவில் முறிந்த லயம் என்பதால், நிமிர்ந்தாலே நீங்கள் இருந்த ஐந்தாம் நம்பர் தெரிகிறது. நீ இருக்க வேண்டிய இடத்தில் இப்போது அழகமுத்து மாமா உட்கார்ந்து பல் விளக்குகிறார். சகிக்கவில்லை. சீக்கிரம் பதில் போடு.

விஜயகலா

*

இரத்தினபுரி
25.08.1996

அன்புள்ள கலா,

உன் கடிதத்தைப் பள்ளிக்கூட நூலகத்தில் வைத்து மூன்று தரம் படித்தேன். என் வகுப்பில் தமிழ் நான் ஒருத்திதான். வந்த புதிதில் என் சிங்களத்துக்குச் சிரித்தார்கள். இப்போது வாயைத் திறந்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. தமிழில் யோசிப்பது கதைப் புத்தகம் படிக்கும்போதும் உனக்கு எழுதும்போதும் மட்டும்தான். இதை வீட்டில் சொல்லவில்லை. அப்பாவுக்கு வருத்தமாக இருக்கும்.

பாடத்துக்கு வருகிறேன். அறுகோணியின் ஒரு மூலையில் இருந்து மற்ற மூலைகளுக்குக் கோடு இழு. மூன்று கோடுகள் வரும். நான்கு முக்கோணங்கள் கிடைக்கும். நான்கு தரம் நூற்றெண்பது, எழுநூற்று இருபது. அறுகோணி எப்படி நெளிந்தாலும் அதன் அகக்கோணங்களின் கூட்டுத்தொகை இதுதான். ஆறும் சமமாக இருந்தால் ஒவ்வொன்றும் நூற்றிருபது. சமமாக இல்லாவிட்டால் ஒன்று குறைந்ததை இன்னொன்று ஈடுகட்ட வேண்டும்.

இனி நீ கேட்ட இரண்டு சொற்கள். பின்வளைகோணம் என்பது தொண்ணூறுக்கும் நூற்றெண்பதுக்கும் இடையில் இருப்பது. நிமிர்ந்து நிற்கிற ஒருவர் பின்னால் சாய்ந்தால் எப்படி இருக்கும், அப்படி. விரிகோணம் எல்லாவற்றிலும் விரிந்தது, நூற்றெண்பதையும் தாண்டியது. அறுகோணியின் ஒரு மூலை உள்ளே குழிந்திருந்தால் அங்கே இருப்பது அதுதான். இந்த இரண்டிலும் உனக்குச் சந்தேகமே வேண்டாம்.

இத்துடன் ஒரு பாகைமானி வைத்திருக்கிறேன். என்னிடம் இரண்டு இருக்கின்றன. நீ டீச்சராகிவிட்டால் நான் உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ரோஷானி

*

கோணல் லயம்
03.11.1996

ரோஷானி,

பாகைமானி உடையாமல் வந்தது. தோட்ட ஆபீஸில் கடித உறையைத் தடவிப் பார்த்துவிட்டு, "உள்ள என்னா, சீப்பா?" என்று கேட்டார்களாம்.

நான் ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். புத்தகத்தில் இல்லை, நானாகவே பார்த்தேன். உள்ளே குழியாத அறுகோணியில் கூர்ங்கோணம் மூன்றுக்கு மேல் வராது. நான்காவதைப் போடப் பார்த்தால், மீதி இரண்டு கோணங்களும் முந்நூற்று அறுபதுக்கு மேல் சுமக்க வேண்டியிருக்கிறது. அப்போது ஏதாவது ஒரு மூலை உள்ளே குழிந்துவிடுகிறது. முப்பது படம் வரைந்து பார்த்தேன். பிறகுதான் வரையாமலே கூட்டிக் கழித்துச் சொல்லலாம் என்று புரிந்தது. அந்த நேரம் எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? பக்கத்தில் அழகமுத்து மாமாதான் இருந்தார்.

"என்னா புள்ள, துரை பங்களாவுக்குப் பிளான் போடுறியா?"

"அறுகோணி மாமா. ஆறு கோணம்."

"ஆறு கோணலா? இங்க ஒரு கோணலுக்கே பத்துக் குடும்பம் அவதிப்படுது. ஆறு வேணுமாக்கும்!"

சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது. அம்மா உள்ளே இருந்து, "படிக்கிற புள்ளைய ஏன் மாமா கெடுக்குறீங்க?" என்று சத்தம் போட்டாள். பாஸ் பண்ணிவிடுவேன் என்று தோன்றுகிறது. கண் படாதபடி நினைத்துக்கொள்.

விஜயகலா

*

கோணல் லயம்
20.12.1996

ரோஷானி,

பரீட்சை முடிந்தது. எல்லாப் பாடமும் சரி. கணக்கில்தான் ஒரு வேடிக்கை.

நம்முடைய அறுகோணி வந்தது. நான்கு அகக்கோணங்கள் செங்கோணங்கள். மீதி இரண்டில் ஒன்று விரிகோணம், மற்றது பின்வளைகோணம். விரிகோணம் பின்வளைகோணத்திலும் அறுபது பாகை குறைந்தது. இரண்டையும் காண்க. இவ்வளவுதான் கேள்வி. பார்த்ததும் உன்னை நினைத்துக்கொண்டேன்.

எழுநூற்று இருபதில் முந்நூற்று அறுபது போக மீதி முந்நூற்று அறுபது. நூற்றைம்பது, இருநூற்றுப் பத்து என்று உடனே வந்துவிட்டது. எழுதியும் விட்டேன். அப்புறம்தான் பார்த்தேன்: நூற்றைம்பது எப்படி விரிகோணம் ஆகும்? விரிகோணம் நூற்றெண்பதைத் தாண்ட வேண்டும். பெரியது எப்படிச் சின்னதிலும் அறுபது குறையும்? திரும்பத் திரும்பச் செய்தேன். அரை மணிக்கு மேல் போய்விட்டது. கடைசி இரண்டு கேள்விகளைத் தொடக்கூட நேரமில்லை. உன் சொல்லில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கேள்வியைத்தான் சந்தேகித்தேன்.

விடையை வெட்டிவிட்டு, "இப்படி ஓர் அறுகோணி இருக்க முடியாது" என்று நேராக எழுதிக் கொடுத்துவிட்டேன். சரிதானே? திருத்துகிற ஆள் அசந்துபோயிருப்பார். மாமாவிடம் சொன்னேன். லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்: "கேள்வி போட்டவனுக்கே பிழை புடிச்சிருச்சு நம்ம புள்ள!"

உங்கள் தாளிலும் இதே கேள்விதானா? நீ என்ன எழுதினாய்?

விஜயகலா

*

இரத்தினபுரி
06.01.1997

அன்புள்ள கலா,

பதில் பிந்திவிட்டது. நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டில் ஆட்கள்.

எங்கள் தாளிலும் ஓர் அறுகோணி வந்தது. ஏதோ எழுதினேன், சரியாக ஞாபகமில்லை. நீ எழுதியது சரியாகத்தான் இருக்கும். கேள்வி பிழை என்றுதான் நானும் நினைக்கிறேன். சில வேளை அப்படி நடக்குமாம்.

மழை விட்டுவிட்டதா? அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

ரோஷானி

*

கோணல் லயம்
15.06.1997

ரோஷானி,

தமிழ் டி, விசேட சித்தி. சமயமும் டி. மற்றவை பரவாயில்லை. கணக்கு எஃப், பெயில்.

பெரிய சேர் டிசம்பரில் திரும்ப எழுதச் சொல்கிறார். கணக்கு மட்டும்தான், ஒரு நாள் வேலை என்கிறார். அம்மாவும், "இன்னொருக்கா எழுதுடி, நான் பாத்துக்கிறேன்" என்றாள். நான் மாட்டேன் என்றுவிட்டேன். பிழை விட்டவர்கள் அவர்கள். அவர்களுடைய பிழைக்கு நான் ஏன் இரண்டாம் முறை போய்க் குந்த வேண்டும்? நீயே எழுதியிருக்கிறாய், கேள்வி பிழை என்று. அந்தக் கடிதத்தைப் பெரிய சேரிடம் காட்டினேன். அவர் தமிழ்ப் பாடம்தான். வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

திங்கட்கிழமை பேர் பதிந்தார்கள். கூடைக் கயிறு நெற்றியில் பட்டால் முதல் வாரம் வலிக்குமாம், பிறகு பழகிவிடுமாம். நீ உயர்தரம் படி. நன்றாகப் படி. வருத்தப்படாதே, நான் தோற்கவில்லை என்று எனக்குத் தெரியும். அது போதும்.

விஜயகலா

*

குருவிட்ட
17.09.2000

அன்புள்ள கலா,

மூன்று வருஷத்தில் உனக்கு நான் எழுதியவை நான்கு கடிதங்கள். எழுதித் தபாலில் போடாதவற்றை எண்ணவில்லை. இதைப் போடுவேன் என்று இன்று காலை கோவிலில் வைத்து எனக்கு நானே வாக்குக் கொடுத்தேன்.

போன வாரம் எனக்கு ஆசிரியர் நியமனம் வந்தது. குருவிட்டப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடம். கணக்கு. ஏழாம் வகுப்புக்கு முதல் பாடமே கோணங்கள். கரும்பலகையில் விரிகோணம் என்று எழுதிவிட்டு, பக்கத்தில் தொண்ணூறுக்கும் நூற்றெண்பதுக்கும் இடையில் என்று எழுத வேண்டும். எழுத முடியவில்லை. ஒரு பிள்ளை, "டீச்சர், சோக் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டது.

ஆமாம், கலா. விரிகோணம் என்பது தொண்ணூறுக்கும் நூற்றெண்பதுக்கும் இடையில் இருப்பது. பின்வளைகோணம்தான் நூற்றெண்பதைத் தாண்டியது. உனக்கு நான் மாற்றி எழுதினேன். சிங்களத்தில் மகா கோணம், பராவர்த்த கோணம் என்று எனக்குத் தெரியும். அவற்றுக்குத் தமிழ் தெரியாது. தெரியாது என்று எழுத வெட்கமாக இருந்தது. என் சிங்களத்துக்கு ஒரு வகுப்பே சிரித்து முடித்திருந்த நேரம். என் தமிழுக்கு நீயும் சிரிப்பாய் என்று பயந்தேன். அதனால் சொற்களின் முகத்தைப் பார்த்து ஊகித்தேன்.

இதோடு முடிந்திருந்தால் பிழை என்று சொல்லலாம். முடியவில்லை. அந்தக் கேள்வி எங்கள் தாளிலும் அப்படியே இருந்தது. நூற்றைம்பது, இருநூற்றுப் பத்து என்று நான் எழுதினேன். நீ அதே விடையை எழுதி வெட்டினாய் என்று உன் கடிதத்தில் படித்த அந்த நிமிடமே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டுதான் கேள்வி பிழை என்று எழுதினேன். அந்தக் கடிதத்தை நம்பித்தான் நீ இரண்டாம் முறை எழுதவில்லை.

நான் உட்கார்ந்திருப்பது உன் நாற்காலியில். மன்னிப்பு என்ற சொல்லை எழுதி எழுதி அடித்துவிட்டேன். இன்னும் எழுதலாம், கலா. வயது தடையில்லை. நான் வந்து சொல்லித் தருகிறேன்.

ரோஷானி

*

கோணல் லயம்
02.10.2000

ரோஷானி,

உன் கடிதத்தைக் கொழுந்து மலையில் நின்று படித்தேன். நிரையை விட்டுப் பின்தங்கிவிட்டேன் என்று கங்காணி ஏசினார்.

என்னிடம் ஒன்று இருந்தது. பிழை கேள்வியில், என்னில் இல்லை. காலையில் கூடைக் கயிற்றை மாட்டும்போதெல்லாம் அதையும் சேர்த்து மாட்டிக்கொண்டுதான் மேட்டில் ஏறினேன். அந்த ஒன்றையும் எடுத்துக்கொண்டாய். உனக்கு இப்போது மனசு லேசாகிவிட்டதா?

சொல்லித்தர வர வேண்டாம். எழுதவும் வேண்டாம்.

விஜயகலா

*

குருவிட்ட
25.05.2003

கலா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதவில்லை. இன்று மட்டும்.

றக்வானப் பக்கம் மண் சரிந்ததாக வானொலியில் சொல்கிறார்கள். தோட்டத்தின் பெயரைச் சொல்லவில்லை. பெல்மதுளை வரை வந்தேன். அதற்கு மேல் பஸ் விடவில்லை. இரண்டு நாள் பஸ் நிலையத்தில் வருவோர் போவோரை எல்லாம் கேட்டுவிட்டுத் திரும்பினேன். ஒருவர், "கோணல் லயமா? அது போயிருச்சுன்னு சொன்னாங்க" என்றார். இன்னொருவர் பாதிதான் என்றார்.

முத்திரை ஒட்டி என் முகவரி எழுதிய உறை ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். உள்ளே ஒன்றும் எழுத வேண்டாம். வெறும் உறையை அனுப்பு. இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ரோஷானி

*

பள்ளிக்கூடம், மேற்பிரிவு,
றக்வான.
14.06.2003

ரோஷானி,

இருக்கிறேன். அம்மாவும் இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருக்கிறார்கள். எந்த வகுப்பறை என்று நினைக்கிறாய்? நம் ஆறாம் வகுப்பு. அந்த நாற்காலி இன்னும் இருக்கிறது. அம்மா அதில் சேலை காயப் போடுகிறாள்.

பாதிதான் என்று சொன்னவர் சரி. ஒன்று முதல் ஐந்து வரை இல்லை. முறிந்த இடத்தில் கத்தி வைத்து வெட்டியது போல மண் உங்கள் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. விடிந்து பிரட்டுக்குப் போகிற நேரம் என்பதால் எல்லாரும் வெளியே நின்றார்கள். அழகமுத்து மாமா மட்டும் கோழிக்கூட்டைத் திறந்துவிட வேண்டும் என்று திரும்பிப் போனார். கோழிகள் வந்தன.

லயத்துக்கு யார் புதிதாக வந்தாலும் மாமா என்னைக் காட்டிச் சொல்வார்: "இந்தப் புள்ளையத் தெரியுமா? ஓ.எல்லுல கேள்வி போட்டவனுக்கே பிழை புடிச்சவ." உன் கடிதம் வந்த பிறகும் சொன்னார். மூன்று வருஷம் சொன்னார். நான் ஒரு தடவைகூட மறுக்கவில்லை. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுப்பேன். அந்த முகத்தைப் பார்த்ததும் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். அப்போதெல்லாம் உன் ஜனவரிக் கடிதம் ஞாபகம் வரும். மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அதை எப்படி எழுதியிருப்பாய் என்று தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுத வேண்டாம் என்று உனக்குப் போட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சொற்களைச் சரியாகப் போட்டு அந்தக் கணக்கைச் செய்து பார்த்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு படம் வரைந்தேன். நான்கு செங்கோணம், ஒரு நூற்றைம்பது, ஓர் இருநூற்றுப் பத்து. நீளப் பெட்டி ஒன்றை நடுவில் பிடித்துக் கொஞ்சம் முறித்தது போல வந்தது. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. நிமிர்ந்தேன். ஐந்தாம் நம்பர் வாசலில் மாமா பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

நம் லயம்தான், ரோஷானி. இரண்டு கோடியிலும் இரண்டிரண்டு செங்கோணம். கொல்லைப் பக்கத்து முறிவு விரிகோணம். வாசல் பக்கத்து முறிவு பின்வளைகோணம். நூலையும் நீ அனுப்பிய பாகைமானியையும் எடுத்துக்கொண்டு போய் வாசல் முறிவை அளந்தேன். வெளியே நின்று அளந்தால் நூற்று நாற்பத்தெட்டு. ஆனால் அகக்கோணம் உள்ளே இருப்பவர்களுடையது. பாகைமானி நூற்றெண்பதோடு முடிந்துவிடுகிறது. கழித்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு. இரண்டு பாகை வெள்ளைக்காரன் காலத்துக் கொத்தனாருடைய பிழை. அதற்காவது என் மேல் பழி இல்லை.

பதினாறு வருஷம் அதற்குள்தான் படுத்து எழும்பினேன். இப்படி ஓர் அறுகோணி இருக்க முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பஸ் ஏறி அதற்குள்ளேயே திரும்பி வந்தேன்.

இப்போது உண்மையிலேயே அது இல்லை. மிஞ்சியது ஆறு முதல் பத்து வரை. நான்கும் செங்கோணம், பூப்பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிப் படித்தவர்கள்கூடச் சொல்லிவிடலாம். உள்ளே போகக்கூடாது என்று பலகை நட்டிருக்கிறார்கள். நேற்று யாருக்கும் தெரியாமல் போய் என் இஸ்தோப்பில் கொஞ்ச நேரம் இருந்தேன். பழக்கத்தில் நிமிர்ந்தேன். சுவர் ஒரே கோட்டில் போய் முடிகிறது. எந்தக் கதவும் தெரியவில்லை.

உன்னிடம் ஒரு சொல் கேட்க வேண்டும். எந்தப் பக்கமும் சாயாமல் இப்படி நேரே போய்விடுகிற நூற்றெண்பது பாகைக்குத் தமிழில் என்ன பெயர்? அதுவும் வடை சுற்றிய ஒற்றையில்தான் இருந்திருக்கும்.

தெரியாவிட்டால், தெரியாது என்று எழுது.

விஜயகலா